பொருநை கட்டிய வீடு

"என்னவே கட்டி வச்சிருக்கீரு?" என்று கிங்ஸ்டன் போனில் எகிறினார். "இதுக்கா மூணு வாரம் காத்துக் கிடந்தேன்? மாடி யாருவே கேட்டா?"

"எடுப்பா இருக்கட்டும்னு போட்டோம் சார்," என்றான் புனேயிலிருந்து ஹரீஷ்.

"நாலு பேரும் செங்கல் சுமக்கானுவ. அந்தப் பிள்ளை ஒத்தையில சாந்து பூசுதா. பாக்கவே வயிறு எரியுதுவே."

"நீங்க எழுதினபடிதான் சார். எனக்குத் தமிழ் நல்லாவே வாசிக்கத் தெரியும்."

கிங்ஸ்டன் கணினியில் ஓடிய படத்தை நிறுத்தினார். அவருடைய அனிமேஷன் தொடருக்கு ஹரீஷின் குழு வரைந்து அனுப்பிய முதல் சண்டைக் காட்சி அது. செங்கல் சுமந்தவர்கள் நான்கு அரக்கர்கள். சாந்து பூசியவள், சிலம்பம் சுற்ற வேண்டிய நாயகி பொருநை.

தான் எழுதிய வரியை உரக்க வாசித்தார். "அரக்கர்கள் சூழ்கிறார்கள். பொருநை வீடு கட்டி அடிக்கிறாள்."

வீடு கட்டுவது என்றால் கம்பைச் சுழற்றிக்கொண்டே நாலு திக்கும் காலடி வைப்பது என்று பாளையங்கோட்டையில் சிலம்பம் பார்த்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"சரி, கட்டுனதுதான் கட்டுனீரு. அடிக்கது எங்கவே?"

"அதைக் கேக்கத்தான் சார் நானே கூப்பிட இருந்தேன்," என்றான் ஹரீஷ். "என்ன கலர் அடிக்கணும்னு நீங்க எழுதவே இல்லையே."