இல்லாத விரல்கள்

சர்க்கரைப் புண் முற்றி, பஸ் கண்டக்டர் ஞானமுத்துவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் ஆறியது, வலி ஆறவில்லை. அதுவும் வெட்டிய இடத்தில் இல்லை, போய்விட்ட பாதத்தில். அதன் விரல்கள் உள்ளுக்குள் சுருண்டு இறுகிக் கிடந்தன. மாத்திரைகள் அவரைத் தூங்க வைத்தன. அந்தப் பிடியைத் தளர்த்தவில்லை.

அக்குபங்சர் பார்க்கும் டாக்டர் பர்வீன் வந்து, "எங்க வலிக்குது?" என்றார். ஞானமுத்து கூச்சத்தோடு மெத்தையின் வெற்றிடத்தைக் காட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. வலது காலில் மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகினார்.

"டாக்டரம்மா, வலி இந்தப் பக்கம்."

"தெரியும். கொஞ்சம் பொறுங்க."

ஞானமுத்து கண்ணை மூடிக் கிடந்தார். மெல்ல, இல்லாத பாதத்தின் சுண்டுவிரல் விரிந்தது. பிறகு அதற்கடுத்தது. கடைசியாகக் கட்டைவிரலும் நிமிர்ந்தபோது, மின்விசிறிக் காற்று அந்தப் பாதத்தில் குளிர்ச்சியாகப் பட்டது.

"எஸ்தரு, காலை நீட்டிட்டேன்டி!"

சாப்பாட்டுக் கூடையோடு வந்து மெத்தையின் அந்த வெற்றிடத்தில் உட்காரப்போன அவர் மனைவி, அப்படியே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் ஸ்டூலை இழுத்து, சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.