பிட்காயின் பைத்தியம்

கடற்கரைக் கடையில் புபூசா என்னும் சோள ரொட்டி சுடும் டெல்மிரா, வருகிறவர்களிடமெல்லாம் பிட்காயின் புராணம்தான் பாடினாள். "வீட்டை வித்தாவது வாங்குவேன்! ஆனா நேர்ல வர்றவங்ககிட்டதான் பணம் கொடுப்பேன்."

பேச்சு ஊரெல்லாம் பரவியது. ஒரு மதியம் புதியவன் ஒருவன் வந்தான்.

"பணத்தைக் கொடுங்கக்கா, ரெட்டிப்பாக்கித் தர்றேன்."

"அடுப்புச் சத்தத்துல கேக்கல தம்பி. உரக்கச் சொல்லு."

உரக்கச் சொன்னான். எல்லா மேசையிலும் சாப்பாடு நின்றது.

"இதே குரல்தான்!" என்று எழுந்தார் மீனவர் எலியோதோரோ. "போன்ல பேசியே என் படகை விக்க வச்சான்."

"என் நிலத்தையும்!" என்றாள் இன்னொருத்தி.

டெல்மிரா கதவைத் தாழிட்டாள்.

"என் புருஷனையும் முகம் காட்டாமத்தான் ஏமாத்தின. உன்னை வரவழைக்கத்தான்டா பைத்தியமா நடிச்சேன். உன் குரலை அடையாளம் சொல்லத்தான் இவங்க தினமும் இங்க சாப்பிட்டாங்க. போலீஸ் வர நேரமாகும். அதுவரைக்கும் இவங்களோட பேசிட்டிரு."