தண்ணீருக்குள் இரு கைகள்

உஜோங் பாசிரில் இருக்கும் மச்சான் வீட்டில் ஒளிந்துகொள்ளப் போகும் வழியில், தியாகு பெண்டாட்டி பிள்ளையோடு காஜா பேராங் குளக்கரையில் இளைப்பாறுகிறான். உச்சி வெயில் தண்ணீரில் சில்லு சில்லாக மின்னுகிறது. மகள் பாக்கியம் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி காலால் தண்ணீரை அடித்து விளையாடுகிறாள். ரோட்டில் ஜப்பான்காரன் லாரி உறுமி நிற்கிறது. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்தே ஆள் பிடிக்கிறார்களாம். தியாகு தண்ணீரில் இறங்கி, காய்த்துப்போன தன் கைகளை அமிழ்த்திக்கொள்கிறான். "கைய வெளிய எடுக்காதீங்க. புள்ள கால கழுவுங்க," என்று பெண்டாட்டி அஞ்சலை உதடு அசையாமல் சொல்கிறாள். சிப்பாய் ஒருவன் இறங்கி வந்து எதிர்க்கரையில் முகம் கழுவுகிறான். தியாகு முழங்கால் தண்ணீரில் நின்றபடியே, கையை எடுக்காமல் அவனுக்குத் தலை குனிகிறான். சிப்பாய் அவனையே பார்க்கிறான், வாயைக் கொப்பளித்துத் துப்புகிறான், திரும்பிப் போகிறான். லாரிப் புழுதியும் அடங்கிவிட்டது. "போதும்ப்பா, காலு வெளுத்தே போச்சு!" என்று பாக்கியம் சிணுங்குகிறாள். அவன் கழுவிக்கொண்டே இருக்கிறான்.