வயது ஐந்து

"நகருடா மாமனாரே. எனக்கும் முட்டி வலி, உனக்கும் முட்டி வலி. இதுல யார் முதல்ல எந்திரிக்கிறதுன்னு போட்டியா?"

நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கூண்டு கழுவுகிறவள் துடைப்பத்தை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாக நிமிர்ந்தாள். இருபது வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்த முட்டி அது. சாரம் ஏற முடியாமல் போன அன்றே மேஸ்திரி, "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் இந்த நாய்கள் காப்பகத்துக்கு வந்தாள்.

அந்த நாய் எதற்கெடுத்தாலும் உறுமும், ஆனால் இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதனால்தான் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தாள்.

கூண்டுக் கதவில் தொங்கிய அட்டையில் 'வயது 5' என்று எழுதியிருந்தது. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார், இவள் அட்டையில் எழுதுவாள். மாமனாருக்கு டாக்டர் சொன்னது பன்னிரண்டு. மாசக் கடைசியில் மேலாளர் அட்டைகளைப் பார்த்துப் பட்டியல் போடுவார். பத்துக்கு மேல் இருந்தால் பின்பக்க அறை. அங்கே ஓர் ஊசி, அவ்வளவுதான். இடமில்லை, தீனிக்கு வழியில்லை என்று காரணம் சொல்வார்கள். காரணம் பொய்யும் இல்லை.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க."

மேலாளரின் அறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். கையில் புதுச் சங்கிலி.

"இவரைத் தெரியுதாக்கா?"

தெரிந்தது. ஏற்கெனவே இங்கிருந்து இரண்டு நாய்களை எடுத்துப் போனவர்.

"ரெண்டும் அஞ்சு வயசு நாய். ஒண்ணு நாலு மாசத்துல போச்சு. அடுத்தது ஆறு வாரம்கூடத் தாங்கல. போன் பண்ணிக் கேட்டா, 'காலம் ஆயிடுச்சு'ங்கிறார். அஞ்சு வயசு நாய்க்கு என்ன சார் காலம்? இப்ப அந்த மாமனாரையும் கேட்டு வந்து நிக்கிறீங்க. வீட்டுல வெச்சு என்னதான் பண்றீங்க? சோறு போடறீங்களா, இல்லையா?"

"போடறேன்மா."

"அடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எப்படிச் செத்துச்சு?"

பெரியவர் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு தரையையே பார்த்தார்.

"பாருங்கக்கா, வாயே திறக்கல. இவருக்கு இனிமே எந்தக் காப்பகத்துலயும் நாய் கொடுக்கக்கூடாதுன்னு எழுதி அனுப்பப்போறேன். நீங்க வாசல்ல சொல்லி வெச்சிடுங்க, உள்ள விட வேண்டாம்."

அவள் வாயைத் திறந்தால் வேலை போகும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? திறக்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனுஷன் கொலைகாரன் ஆவார். மாமனார் இங்கே வந்த ஏழு மாசத்தில் அதை ஏறெடுத்துப் பார்த்த ஒரே ஆளும் இவர்தான்.

"அவரை விட்டுடுங்க மேடம். தப்பு என்னுது."

"என்ன தப்பு?"

"அதுங்களுக்கு அஞ்சு வயசு இல்ல. ஒண்ணுக்குப் பதிமூணு, இன்னொண்ணுக்குப் பதினாலு. நான்தான் மாத்தி எழுதினேன். மாமனாருக்கும் பன்னெண்டு ஆச்சு."

மேலாளர் பேனாவை மேஜைமேல் வைத்தார். மறுபடி எடுத்தார். "இப்படி எத்தனை அட்டையில கைவெச்சிருக்கீங்க?"

"இந்த மூணுதான் மேடம்."

பின் வரிசையில் இன்னும் நாலு கிழங்கள் ஐந்து வயதில் படுத்துக் கிடந்தன. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இனிமே அட்டையெல்லாம் நானே எழுதிக்கிறேன். நீங்க கழுவுற வேலையை மட்டும் பாருங்க."

வேலை தப்பியது. பேனா போய்விட்டது.

மேலாளர் பெரியவர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "மன்னிச்சுக்குங்க சார். கிழடாப் பார்த்து உங்க தலையில கட்டியிருக்காங்க. முன் வரிசையில ஒரு வயசுல ஒண்ணு துள்ளிக்கிட்டு நிக்குது, அதை எடுத்துக்குங்க."

"இதே போதும்மா" என்று சொல்லி, பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு பேருமாக மாமனாரைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தார்கள். அது உறுமவில்லை.

"ஐயா, மனசுல வெச்சுக்காதீங்க. ரெண்டு தடவை உங்களை ஏமாத்திட்டேன்."

"நான் ஏமாந்தாத்தானே நீ ஏமாத்தினதா ஆகும்? கண்ணுல பூ விழுந்த நாய்க்கு அஞ்சு வயசுன்னு எங்க அட்டை தொங்குதோ, அதைத்தான்மா தேடிப் பிடிச்சுக் கேட்டேன். உள்ள அதைச் சொன்னா உன் பொழைப்பு போயிடும். அதான் வாயைத் திறக்கல."

அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சே எதுக்கய்யா சாகப்போறதையே எடுக்கறீங்க?"

பெரியவர் மதிலுக்கு மேலே தெரிந்த பின்பக்க அறையின் தகரக் கூரையைப் பார்த்தார்.

"நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி அந்த ரூம்ல பத்தொன்பது வருஷம் எனக்கு வேலை. டாக்டர் ஊசி போடுவார், நான் பிடிச்சுக்குவேன். நானூத்துப் பதினாறு. இவனையும் சேர்த்து மூணு கழிஞ்சது, இன்னும் நானூத்துப் பதிமூணு பாக்கி."