முதலாளி கடையின் பின்வாசல்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் வீட்டுக் கறியில் உப்பில்லை என்பதுவரை மரகதவல்லிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தர்ஷிகா கஹவத்தை டவுனில் மளிகை முதலாளி கடையின் பின்வாசலில் அடிக்கடி நுழைவது மட்டும் தெரியாமல் போகுமா? அவள் கணவன் யோகநாதனிடமே கேட்டுவிட்டாள்.

“தம்பி, ஒம் பொண்டாட்டி அந்தக் கடையிலருந்து ஷாலுக்குள்ள எதையோ ஒளிச்சுக்கிட்டு வாறாளே, ஒனக்குத் தெரியுமா?”

“தெரியுங்கக்கா. எனக்குப் போடுற ஊசி. முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற வருத்தம் எனக்கு. ஊசி போட்டா ஒட்டுறது மெதுவாகுமாம். மருந்து குளுமையிலேயே இருக்கணும். அதான் கடை மொதலாளி பிரிட்ஜுல வச்சிருக்கோம்.”

“அத ஏன் ஒளிக்கணும்?”

“தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா, வேலைக்கு ஆகமாட்டேன்னு நிறுத்திடுவாரு.”

மரகதவல்லிக்கு ரோஷம் வந்தது. “ஏம்பா, பக்கத்துலயே எங்க வீட்டுல பிரிட்ஜ் இருக்கே!”

“அதுல வச்சா அன்னைக்கே தொரை பங்களா வரைக்கும் சேதி போயிடுமேக்கா.”