எடுக்காத கை

“மெதுவா அமுக்குங்க தம்பி! மனுசன் துடிக்கறாரு, கல்லாட்டம் நிக்கறீங்களே!”

சுப்பாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. ஆஞ்சியோ செய்த காலை ஆறு மணி நேரம் மடக்கக் கூடாதென்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். புருசன் ஆறுச்சாமி கேட்டால்தானே! படுத்தபடி ஒண்ணுக்குப் போகக் கூச்சப்பட்டு, யாருக்கும் தெரியாமல் எழுந்து பாத்ரூமுக்கு நடந்துவிட்டார். தொடை இடுக்கில் குழாய் விட்ட இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது.

“கையை எடுத்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசியுமுங்கம்மா. இருபது நிமிசம் ஆகுமுங்க” என்றான் நர்ஸ் ரவிக்குமார். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றான். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

பார்க்கப் பாவமாகிவிட்டது அவளுக்கு. வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

“ஒரு வாய் குடிங்க தம்பி.”

“முடிச்சுட்டுக் குடிக்கறனுங்க.”

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“அந்தியூர்ப் பக்கமுங்க.”

“அட, நாங்களும் அங்கதானுங்க! யாரு ஊட்டுப் பையன் நீங்க?”

“உங்க தோட்டத்துல வேலை செஞ்ச மாசாணத்தோட பையனுங்க.”

“ஓ... நம்ம மாசாணம் பையனா நீ?”

அதுவரை இருந்த ‘ங்க’ அங்கேயே கழன்று விழுந்தது. டம்ளரும் பைக்குள் போய்விட்டது. மாசாணத்துக்கு அந்தத் தோட்டத்தில் தண்ணீரைக் கையில்தான் ஊற்றுவார்கள். இப்போது யாரும் சொல்லவில்லை, பழகின கை தானாகச் செய்துவிட்டது.

ரவிக்குமார் கடிகாரத்தைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டே இருந்தான்.

ஒருவழியாக வீக்கம் வடிந்தது. ஆறுச்சாமி கண்ணைத் திறந்து, “இப்பத்தான் உசுரு வந்துச்சு கண்ணு. நல்லா இருப்பே” என்றார்.

சுப்பாத்தாளுக்குச் சுருக்கென்றது. ச்சே, என்ன காரியம் பண்ணிப்போட்டோம்! பையைத் துழாவி டம்ளரை வெளியே எடுத்தாள். கை கழுவிவிட்டு வந்தவனிடம், நிறைய ஊற்றி நீட்டினாள்.

“இந்தாங்க தம்பி, குடிங்க.”

அவன் டம்ளரைத் தொடவில்லை. லேசாகக் குனிந்து, இரண்டு கையையும் குவித்து நீட்டினான்.

“இதுலயே ஊத்துங்கம்மா. டம்ளரு பைக்குள்ள போனத அப்பவே பாத்தனுங்க. பாத்துட்டும் கையை எடுக்கலீங்க.”