பனிக்கு ஒரு கம்பளி

முழங்கால் வரை சேற்றில் புதைந்த காலை இழுத்தெடுத்த அழகுமலை, மருமகனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

"பொண்டாட்டிக்கு ஒரு கம்பளி வாங்கித் தர வக்கில்லாத பயலுக்கு எதுக்குடா கல்யாணம்?"

மண் சரிந்து பஸ் நின்றுபோனதால், போடியிலிருந்து விடியலில் கிளம்பிய நடை. தம்பிகள் இருவரும் பாறைகளில் வழுக்கியபடி பின்னால் வந்தார்கள்.

"மாப்பிள்ளை சொல்லி விட்ட அந்த மலையாளத்து லைன்மேன் என்னதாண்ணே சொன்னான்?" என்றான் சின்னவன்.

"'மகளுக்குப் பனி, வேகம் வரணும்'னான். சின்னக்கானல்ல பனி பெய்யாம வெயிலா கொளுத்தும்? இதுக்கு ஒரு ஆள் விடுறான் பாரு! சந்தை கூடட்டும்னு மூணு நாள் காத்துக் கிடந்து கம்பளி வாங்கினேன். அவன் மூஞ்சியில விட்டெறியத்தான்!"

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்ற மருமகன் வீரபாண்டியின் மேல், சொன்னபடியே விட்டெறிந்தார்.

"இந்தா, உன் பனிக்கு!"

வீரபாண்டி கத்தினான். "மூணு நாளா எங்க மாமா போனீங்க? லயத்துல பாதிப் பேரு காய்ச்சல்ல கிடக்காங்க. இவளைக் கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இல்லாமத்தானே உங்களுக்குச் சொல்லி விட்டேன்!"

"லைன்மேன் பனின்னுதானே..."

"மலையாளத்துல காய்ச்சலுக்குப் பேருதான் மாமா பனி!"

உள்ளே மகள் சுருளியம்மாள் அனலாய்க் கொதித்துப் பிதற்றிக்கொண்டிருந்தாள். அழகுமலை தன் கன்னத்தில் ஓங்கி அறைந்துகொண்டார். கீழே கிடந்த கம்பளியை எடுத்து விரித்து, மகளை அதில் கிடத்தினார்.

"நாலு முனைக்கும் நாலு பேர் இருக்கோம். பிடிங்கடா!"